மிச்சமான வளையம்

பிள்ளைகளே, போன வாரம் ஏரிக்கரையில் படகுகளுக்கு நடுவே நீங்கள் நாலைந்து பேர் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர் என் மகளைப் பார்த்து, "பொணக் கண்ணு" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் அப்போது வலையை உதறிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. "அப்ப ஒழுங்கா இரு. நீ தூங்கும்போது உன்னத்தான் பாத்துனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். சொன்னவருக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

அதற்குப் பிறகு உங்களில் ஆகச் சின்னது ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டது: "மாமா, அது செத்தவங்க கண்ணா? செத்த கண்ணு எப்டி பாக்கும்?"

நான் எட்டாவதுவரை படித்தவன். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் மகளுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். நான் பார்த்ததையும் எனக்குச் சொல்லப்பட்டதையும் எழுதுகிறேன். நான் செய்த ஒன்றையும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

அப்போது அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் லீவு. அவள் அம்மா கரையில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு கூடை, பொடி ஒரு கூடை. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்தாள். உயிரோடிருந்த பெரிய இறால் ஒன்று அவள் முகத்துக்கு நேரே துள்ளியது. இறாலின் தலையில் ரம்பம் போல ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்குமே, அது இடது கண்ணில் பட்டுவிட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டாள். அம்மா நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நான் முகத்தை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன். சிவந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

பழவேற்காட்டுக்குப் போய் பஸ் பிடித்தால் பொன்னேரி, அங்கே காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று அவள் அம்மா சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், மறுநாளும் அதற்கு மறுநாளும் எனக்குப் பாடு. உங்களுக்குப் பாடு தெரியும். வெளியூர்ப் பிள்ளை யாராவது இதைப் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். எங்கள் ஏரியில் நல்ல இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊரே முறை வைத்துக்கொள்கிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உங்கள் முறையில் நீங்கள் போகாவிட்டால் அது போனதுதான். சுற்று முழுக்க முடிந்து திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கேட்டிருந்தால் ஊர் எனக்கு மாற்றிக் கொடுத்திருக்கும். நான் கேட்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷம் பொங்கல் முடிந்து நடந்த ஊர்க்கூட்டத்தில், என் மனைவி வழியில் எனக்கு மச்சான் முறையாகும் ஒருவர் எழுந்து நின்றார். தன் அம்மா சென்னையில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், தன் பாட்டை வேறு நாளுக்கு மாற்றித் தரவேண்டும் என்றும் கேட்டார். பெரியவர்கள் தலையாட்டப் போனார்கள். நான்தான் குறுக்கே எழுந்தேன்.

"இன்னிக்கி ஆத்தாவுக்கு ஒடம்பு சரியில்லம்பாங்க. நாளைக்கி ஆடு குட்டி போட்ச்சும்பாங்க. பாடுன்னா பாடுதான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் பாடு போனது. அவர் என்னைத் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்படிப் பேசிய வாயால் நான் எப்படிப் போய்க் கேட்பது? இதுதான் அன்று என் மனதில் ஓடியது. மகளுடைய கண்ணை ஒரு பக்கமும் என் வாய்ப்பேச்சை ஒரு பக்கமும் வைத்து, நான் வாய்ப்பேச்சின் பக்கம் நின்றேன்.

இரண்டு நாளும் வலை கட்டினேன். நல்ல பாடுதான். கண் குளிரட்டும் என்று நானே இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். அதுவும் தப்பு என்று பிறகு சொன்னார்கள். ஏரியிலிருந்து வந்ததும் அவளைக் கேட்பேன், வலிக்கிறதா என்று. "இல்ல நைனா" என்பாள். சொல்லும்போது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, வெளிச்சம் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கையையும் நான் பார்த்தேன். ஆனால் எனக்கு வசதியாக இருந்தது அவள் சொன்ன வார்த்தை. அதை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் கருவிழியின் நடுவில் அரிசி நொய் அளவு வெள்ளையாக ஒன்று இருந்தது.

பொன்னேரியில் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அங்கிருந்தே சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டே, எப்போது பட்டது என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம்மா" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒரே நாள்ல இவ்ளோ ஆகாதுங்க" என்றார் டாக்டரம்மா. அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்காமல் மருந்து எழுதினார்.

காயத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. ஒன்றரை மாதம் அங்கேயே கிடந்தோம். கண் போகாமல் நின்றது. ஆனால் நடுவில் வெள்ளையாக ஒரு தழும்பு தங்கிவிட்டது. வெளிச்சம் உள்ளே போகும் வாசலிலேயே அது உட்கார்ந்திருந்தது. அந்தக் கண்ணால் அவளுக்கு வெயில் தெரியும், நிழல் தெரியும், ஆள் தெரியாது. இடது பக்கமாக யாராவது வந்தால் முழுத் தலையையும் திருப்பிப் பார்ப்பாள். அப்படித் திரும்பும்போதெல்லாம் எனக்கு பாடு என்று போன அந்த இரண்டு நாளும் ஞாபகம் வரும்.

தழும்பை எடுத்துவிட்டு வேறொருவர் கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலத்தை, வைக்கலாம், அதற்கு யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெயர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் போன் வந்தது. அன்று எந்த வீட்டில் அழுதுகொண்டிருந்தார்களோ, எனக்குத் தெரியாது. கேட்டேன். சொல்லக்கூடாது என்றார்கள். அழுகைக்கு நடுவிலும் அந்த வீட்டில் ஒருவர், கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் ஒரு பாட்டை விட முடியாமல் இருந்தவன்.

கொடுத்த கருவிழியின் நடுவிலிருந்து சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டம் வெட்டி எடுத்து, முடியைவிட மெல்லிய நூலால் அவள் கண்ணில் தைத்தார்கள். சக்கரத்தின் ஆரங்கள் போல் தையல் சுற்றிலும் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், முன்பு வார்டில் இருந்தபோதே மகளுக்குப் பழக்கம். அவரைப் பார்த்ததும் மகள் கேட்டது இதைத்தான்: "அக்கா, நடுவுல மட்டுந்தானே எடுத்தீங்க. மிச்சத்த இன்னா பண்ணீங்க?"

மீன் வெட்டுகிற வீட்டுப் பிள்ளை. வெட்டினால் மிச்சம் எங்கே போகும் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி எங்களை மாடிக்கு அழைத்துப்போனார். லேப்புக்குள் விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு டிவிப் பெட்டியில் காட்டினார். நடுவட்டம் போனபின் மிஞ்சுவது ஒரு வளையம். கொடுத்தவர் வீட்டில் சம்மதித்திருந்தால் அந்த வளையத்தை எறியாமல் இங்கே கொண்டுவருவார்களாம். அதிலிருந்து உயிருள்ள செல்களைப் பிரித்து, தட்டையான கண்ணாடித் தட்டில் சத்துத் தண்ணீருக்குள் வைத்து, உடம்புச் சூட்டிலேயே வளர்ப்பார்களாம்.

"இது என் கண்ணோட மிச்சமா?" என்று கேட்டாள் மகள்.

"எனக்கே தெரியாதும்மா. எங்ககிட்ட நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது. ஆனா இதுவும் ஒருத்தரோட கண்ணுல மிச்சமானதுதான்" என்றார்.

பெட்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நட்சத்திரம் போல, ஆனால் தட்டையாக, கை நீட்டிய ஏதோ சில. ஒன்றின் கை இன்னொன்றின் கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவை ஓடவில்லை, குதிக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தன. உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, வேலையும் செய்கிறது என்றார். அந்தக் கண்ணுக்கு உரியவர் இறந்து பல வாரம் ஆகியிருந்தது.

என்ன வேலை என்று அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவுக்கு எழுதுகிறேன். கருவிழி என்பது பெரும்பாலும் நூல். அந்த நூலுக்கு கொலாஜன் என்று பெயர். நம் தோலிலும் எலும்பிலும்கூட அதுதான் இருக்கிறதாம். தோலில் கண்டபடி கிடக்கிறது, அதனால் தோல் வழியாக எதுவும் தெரியாது. கண்ணில் எல்லா நூலும் ஒரே பருமன், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, அடுக்கடுக்காக. அதனால்தான் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. நூலை நூற்று அடுக்குவது அந்த செல்கள்தான். நூலோடு சேர்த்து இன்னொரு பொருளையும் அவையே செய்கின்றன. அது நூல்களுக்கு நடுவே நின்று, நெருங்கவும் விடாமல் விலகவும் விடாமல் அளவாக வைக்கிறது. அதன் பெயரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. வலை பின்னும்போது நாம் விரலகலக் கட்டை ஒன்றை வைத்துக் கண்ணி அளவு பிடிப்போமே, அது மாதிரியா என்று கேட்டேன். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அந்தக் கட்டையை இவை உருவி எடுப்பதில்லை, உள்ளேயே விட்டுவிடுகின்றன என்றார்.

பிறகு இரண்டு படம் காட்டினார். நூலைக் குறுக்கே வெட்டி, பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எடுத்த படம். ஒன்றில் புள்ளி புள்ளியாக, கோலத்துக்கு வைத்த மாதிரி சீராக இருந்தது. இன்னொன்றில் சின்னதும் பெரியதுமாகக் குழம்பிக் கிடந்தது. இரண்டுமே ஒரே வளையத்து செல்கள் செய்தவைதான் என்றார். முதலில் எண்ணிக்கை பெருகுவதற்காக ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்ற சத்தை ஊற்றுவார்களாம். காயம் பட்டால்தான் கண்ணுக்குள் அந்த மாதிரிச் சத்து வரும். அதைக் கண்டதும் செல்கள் காயம் என்று நினைத்துவிடும். கைகளை மடக்கி, நீளமாகி, வேகமாகப் பெருகி, கெட்டி கெட்டியாக நூல் போடும். அந்தச் சத்தை நிறுத்தி, நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமினும் வேறு சிலதும் மட்டும் அளவாகக் கொடுத்து, வாரக்கணக்கில் தொந்தரவு செய்யாமல் விட்டால், பல செல்கள் மெல்லப் பழைய வேலைக்குத் திரும்பும். சீரான நூலும் அந்த அளவுக்கட்டைப் பொருளும் மறுபடி வரும். தானமாகக் கண் கிடைக்காதவர்களுக்கு ஒரு நாள் இதையே செய்து வைக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்களாம். இன்னும் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப என் கண்ல ஏன் வெள்ளையா வந்துச்சு?" என்று மகள் கேட்டாள்.

"காயம் ஆறாம கெடந்தா உள்ள இருக்கற செல்லுங்க பதறிடும்மா. எப்படியாவது அடைக்கணும்னு தடி தடியா நூல் போட்டுடும். ஓட்டை அடைபடும். வெளிச்சம் போகாது" என்றார். பிறகு சாதாரணமாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "எத்தன நாள் கழிச்சு வந்தீங்க சார்?"

மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். தைத்த கண்ணும் என்னைப் பார்த்தது.

"அடுத்த நாளே வந்துட்டோம்மா" என்றேன்.

யாரோ ஒருவருடைய செல்கள் அந்தப் பெட்டிக்குள் தம் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்க, நான் அவற்றின் எதிரில் நின்று இரண்டாவது தடவையாக அந்தப் பொய்யைச் சொன்னேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் மகளிடம் ஒன்று சொன்னார். கண் சிவந்தாலும், வலித்தாலும், மங்கினாலும் அன்றைக்கே வரவேண்டும், மறுநாள் என்று சொல்லக்கூடாது. வந்த கண்ணை உடம்பு வேண்டாம் என்று தள்ளப் பார்க்கும். உடனே வந்தால் தடுத்துவிடலாம். மகள் அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம். விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நான் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பாடு. மகள் கரையில் வந்து நின்றாள்.

"நைனா, கண்ணு மங்கலா இருக்கு."

பார்த்தேன். வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு. அவள் கையில் அந்தத் தாள் இருந்தது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. அவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.  அவர் வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாடுன்னா பாடுதான்னு ஒருத்தன் சொன்னானே, அவன் இன்னா சொல்றான் இப்போ?"

"அவன் சொன்னது தப்பு மச்சான்."

"அத அன்னிக்கே நான் தெரிஞ்சிக்கினேன். நீ தெரிஞ்சிக்க இத்தினி வருசமா?" என்றார். என் தோளிலிருந்து வலையை இழுத்துக்கொண்டார். "ஓடு, பஸ்ஸ வுட்டுடப் போற. நான் போய்க்கினு வந்துடறேன்."

"ஊர்த் தலைவர்கிட்ட சொல்லணுமே."

"நான் சொல்லிக்கறேன். நீ சொன்னா நின்னு பேசினே இருப்ப."

பொன்னேரியில் நிற்காமல் சென்னைக்கே போனோம். அதே டாக்டரம்மா. எப்போதிலிருந்து சிவப்பு என்று கேட்டார். இன்று காலையில் பார்த்தேன் என்று சொன்னேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். உடம்பு அந்தக் கண்ணைத் தள்ளப் பார்க்கிறது, ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், மருந்தில் அடங்கும் என்றார். சில வாரத்தில் அடங்கியது. இன்றைக்கு உங்களோடு ஓடி விளையாடுகிறாளே, அந்தக் கண்தான்.

அன்று திரும்பி வருகையில் பொன்னேரியில் எங்கள் ஊர்ப் பக்கம் வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலோரம் அவள். கொஞ்ச தூரம் வந்ததும் திரும்பி, "நைனா, இன்னிக்கி உனக்குப் பாடாச்சே" என்றாள்.

இனிமேல் ஒளிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் பேசியது, இரண்டு நாளும் பாடு என்று வலை கட்டப் போனது, டாக்டரிடம் சொன்ன பொய், லேப் வாசலில் சொன்ன பொய். இறால் துள்ளியது யார் குற்றமும் இல்லை, ஆனால் வெள்ளை விழுந்தது என்னால்தான் என்று சொன்னேன். அவள் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் இரண்டு இடத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

பிறகு சொன்னாள்: "அன்னிக்கிப் பாடுனு எனக்குத் தெரியும் நைனா. அம்மாகிட்ட நீ சொன்னது கேட்டுச்சு. அதான் வலிக்கலனு சொன்னேன்."

எட்டு வயதுப் பிள்ளை. என் பாட்டைக் காப்பாற்றுவதற்காக இரண்டு நாள் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறது.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்குகிறவரை விடவில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பாடு மாற்றிக்கொள்ளலாம் என்று முறை வைக்கவேண்டும் என்று கேட்டேன். "ஆடு குட்டி போட்டா?" என்று பின்னாலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முறை வைத்தார்கள்.

சின்னப் பிள்ளையே, நீ கேட்டதற்கு வருகிறேன். அவள் கண்ணில் இருப்பது இறந்தவர் ஒருவருடையது, அது உண்மை. ஆனால் அந்த வட்டம் சாகவில்லை. அதில் அவருடைய செல்கள் இருக்கின்றன, ஓரத்திலிருந்து இவளுடைய செல்களும் மெல்ல உள்ளே வருகின்றன, இரண்டும் சேர்ந்து அந்தச் சீரான நூலைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்கின்றன என்று அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னார். அதனால் இனி யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது சரியில்லை என்று நீயே சொல்லிவிடலாம்.

உங்கள் எல்லாருக்கும் ஒன்று. கரையில் இறால் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஏதாவது பட்டால் வீட்டில் சொல்லுங்கள். நைனாவுக்குப் பாடா, அம்மாவுக்கு வேலையா என்று பார்க்க வேண்டாம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். நாங்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு வருவோம்.